உம்மாவின் கணக்குக் கொப்பி

இவ்வருடம் முதலாம் தவணையில் எங்கள் தமிழ் ஆசிரியை "என்னால் மறக்க முடியாத ஒரு விடுமுறை" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பில் பலர் கண்டியையும் நுவரெலியாவையும் எழுதினார்கள். ஒருத்தி குடும்பத்தோடு உம்றாவுக்குப் போனதை எழுதினாள். நானோ எங்கும் போகாத ஒரு விடுமுறையை எழுதினேன். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் தொடங்கி, ஜூலையில் பெரும்பகுதி எங்கள் வீட்டு வளவுக்குள்ளும் கடற்கரையிலும் கழிந்த விடுமுறை அது. 20க்கு 17 புள்ளிகள் கிடைத்தன. "மகிழ்ச்சி ததும்பும் கட்டுரை" என்று ஆசிரியை சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்.

அன்று பின்னேரம் உம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து கட்டுரையை வாசித்துக் காட்டினேன். ஆடு கீரையைத் தின்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கரைவலை வந்த இடத்தில் சுளகை மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் முடித்ததும், "நல்லா எழுதியிரிக்காய் மகள். ஆனா இது பாதிதான்" என்றார். பிறகு எழுந்து போய், அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய சீ.ஆர். கொப்பியைக் கொண்டு வந்து என் கையில் தந்தார்.

அந்தக் கொப்பியைப் பற்றி எழுத வேண்டும் என்று உம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. அதுல வெக்கப்பட என்ன இரிக்கி?" என்றார். ஆகவே எழுதுகிறேன். முதலில் எனக்குத் தெரிந்த பாதி.

அப்போது நான் தரம் 7இல் படித்தேன். தம்பி தரம் 3. அட்டாளைச்சேனையில் எங்கள் வீட்டில் உம்மா, வாப்பா, தம்பி, நான், உம்மாவைப் பெற்ற மூத்தம்மா என்று ஐந்து பேர். வாப்பா பாடசாலை வேன் ஓட்டுபவர். சுபஹுத் தொழுதுவிட்டு வேனைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டால், பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பிறகு கிடைக்கும் ஹயருக்கெல்லாம் போய், நாங்கள் நித்திரையான பின்தான் வீடு வருவார். வெள்ளிக்கிழமை பகலில் மட்டும்தான் வாப்பாவை ஆறுதலாகப் பார்க்கலாம்.

அந்த வருடம் டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, கேஸும் இல்லை. ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பாடசாலைகளையும் மூடினார்கள். வாப்பா வேனைப் பின்வளவில் மாமரத்துக்குக் கீழே நிறுத்தி, அதன் மேல் பழைய படங்கு ஒன்றை மூடினார். நானும் தம்பியும் துள்ளிக் குதித்தோம். எங்களைப் பொறுத்தவரை பாடசாலைக்கும் விடுமுறை, வாப்பாவுக்கும் விடுமுறை.

அந்த வருட விடுமுறைக்கு நுவரெலியாவுக்குக் கூட்டிப் போவதாக வாப்பா சொல்லியிருந்தார். அது நடக்காது என்று தெரிந்ததும் தம்பி அழுதான். வாப்பா அவனை வேனுக்குள் ஏற்றி, முன் இருக்கையில் இருத்தி, தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தா மஹியங்கனை வந்திட்டு. இனி 18 வளைவு. இறுக்கிப் பிடி" என்றார். கண்டி வீதியின் அந்தப் 18 வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து, ஹோர்ன் அடிப்பது போல் வாயால் சத்தம் போட்டு, நின்ற இடத்திலேயே மலை ஏற்றினார். பன்னிரண்டாவது வளைவில் தம்பி சிரிக்கத் தொடங்கிவிட்டான். பதினெட்டாவது வளைவு முடிந்ததும் உம்மா யன்னலால் தேத்தண்ணி நீட்டினார். "நுவரெலியாத் தேயிலை" என்றார் வாப்பா.

அடுத்த நாளே தோட்டம் தொடங்கியது. எங்கள் வளவு கடற்கரை மண். காலையில் ஊற்றிய தண்ணீர் பகலுக்குள் எங்கே போனது என்று தெரியாது. அதோடு கச்சான் காற்று வேறு. அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அந்தச் சூட்டுக் காற்றில் இலையெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டுவிடும். மூத்தம்மாதான் வழி சொன்னார். முழங்கை ஆழத்துக்குக் கான் வெட்டி, பொச்சுமட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அவற்றை அடியில் அடுக்கி, அதன் மேல் மாட்டெருவும் சருகும் மண்ணும் கலந்து மூடச் சொன்னார். "பொச்சு தண்ணியக் குடிச்சு வச்சிக்கும். வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும்" என்பது அவருடைய விளக்கம்.

வாப்பா கான் வெட்டினார். நானும் தம்பியும் வீடு வீடாகப் போய்ப் பொச்சுமட்டை சேர்த்தோம். எருவுக்குத் தலையணை உறையை எடுத்துக்கொண்டு போனதற்கு உம்மாவிடம் ஏச்சு வாங்கினோம். கீரை, வெண்டி, கத்தரி, கொச்சிக்காய், பயற்றை என்று ஐந்து வகை போட்டோம். கரண்ட் இல்லாத நேரங்களில் மோட்டர் ஓடாது. கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். வுழூச் செய்யும் தண்ணீரும் வீணாகாமல் தோட்டத்துக்குப் போகும்படி வாப்பா ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார். அதனால் அஸருக்குப் பாங்கு சொன்னால் பயற்றைக்கும் தண்ணீர் நேரம் என்று தம்பி கண்டுபிடித்தான்.

கீரை முந்திக்கொண்டு வளர்ந்தது. நாளைக்குப் பிடுங்கலாம் என்று உம்மா சொன்ன அன்று இரவு, பக்கத்து வீட்டு ஆடு வேலிக்குள்ளால் புகுந்து பாத்தி முழுவதையும் மேய்ந்துவிட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் குச்சிகள் மட்டும் நிற்கின்றன. "விடுங்க, அதுக்கும் ஒரு விருந்து வேணாமா?" என்றார் வாப்பா. அந்தக் குச்சிகளே திரும்பத் தளிர்த்து, பிறகு எங்களுக்குக் கீரைச் சுண்டலாகின. வெண்டி ஓகஸ்டில்தான் காய்த்தது.

மூத்தம்மாவின் வேலை பன் பாய் இழைப்பது. எங்கள் கரையோரத்து ஊர்களில் வயது போன பெண்கள் பலருக்கு அது கைவந்த தொழில். வயலோரத்து ஈரநிலங்களில் வளரும் பன்னை வெட்டி, மணலில் பரப்பிக் காயவைத்தால் பச்சை மாறி வைக்கோல் நிறம் வரும். ஒரு பகுதியைச் சாயத் தண்ணீரில் அவித்துச் சிவப்பும் ஊதாவும் ஏற்றுவார்கள். தறி கிடையாது, இயந்திரம் கிடையாது. இழைப்பவர் நிலத்தில் குந்தி, இழைத்த பகுதியின் மேலேயே ஏறி இருந்து, முன்னுக்கு முன்னுக்கு இழைத்துக்கொண்டு போக வேண்டும்.

நான் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தோழிகள் வீட்டுக்கு வந்தால் மூத்தம்மாவின் பன் கட்டுகளைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைப்பேன். ஆனால் அந்த விடுமுறையில் கையில் போன் இருந்தும் சார்ஜ் இல்லை, தொலைக்காட்சி இருந்தும் கரண்ட் இல்லை. வேறு வழியில்லாமல் மூத்தம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினேன்.

"கச்சானுக்குப் பன் ஒடியும். முதல்ல தண்ணி தெளி" என்று தொடங்கினார். ஈரத் துணியில் சுற்றி வைத்து, பதம் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். பகலில் வேண்டாம், விடியற்காலையும் மஃரிபுக்குப் பிறகும்தான் நல்லது என்றார். இரண்டு எடுத்து இரண்டு விடு, அடுத்த வரியில் ஒன்று தள்ளி இரண்டு எடு. கேட்க இலகுவாக இருந்தது. என் முதல் துண்டு ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி, இலங்கைப் படம் போல வந்தது. மூத்தம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்தார். இரண்டாவதையும் அவிழ்த்தார். மூன்றாவதைக் கையால் தடவிப் பார்த்து, "கோணல்தான். ஆனாக் கிடக்கட்டும்" என்றார். எனக்குப் பரீட்சையில் சித்தியடைந்தது போல் இருந்தது.

ஜூலை 13ஆம் திகதி முழுநிலவு. அதற்கு முன்பின் சில இரவுகளில் மின்வெட்டு வந்தால் எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிடுவோம். மூத்தம்மா நிலவு வெளிச்சத்தில் இழைப்பார். கண் பார்க்காமலே விரல் போகும். நான் ஒரு தடுக்கு இழைத்தேன். ஒருவர் இருந்து சாப்பிடும் அளவு. நடுவில் ஊதா நிறத்தில் நான்கு கட்டங்கள். ஓரம் மடிப்பதற்கு மட்டும் மூத்தம்மா கை கொடுத்தார். மற்றதெல்லாம் நானே செய்தது. உம்மாவும் எங்களோடு இழைக்கத் தொடங்கினார். அவரும் அப்போதுதான் பழகினார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "நீ ஏன் உம்மா சின்ன வயசிலயே பழகல்ல?" என்று கேட்டேன். "நானும் உன்னப் போலத்தான்" என்றார். மூத்தம்மா தலை நிமிராமல் சிரித்தார்.

சுற்றுலாவும் போனோம். வாப்பாவின் சைக்கிளில் முன்னுக்குத் தம்பி, மாமா வீட்டுச் சைக்கிளில் உம்மா, அவருக்குப் பின்னால் நான். ஒலுவில் வெளிச்சவீட்டைப் பார்க்கப் போனோம். கட்டுச்சோறு, மாசிச் சம்பல், அவித்த முட்டை இரண்டு. இரண்டையும் நாலாகப் பிரித்தோம். ஆனால் அதிகமாகப் போனது எங்கள் ஊர்க் கடற்கரைக்குத்தான். கச்சான் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் குளம் போலக் கிடக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. துடுப்பு வலிக்கும் தோணியில் கரைவலை வளைப்பவர்கள் மட்டும் தொழில் செய்தார்கள். வலை வளைத்து வந்த பின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுப்பார்கள். வாப்பாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து இழுப்பார். தம்பி கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, முழு வலையையும் தானே இழுப்பது போல் முக்குவான். வலை கரைக்கு வந்ததும் கீரியும் சூடையும் வெள்ளிக் காசுகள் போலத் துள்ளும். இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு தருவார்கள். அதைக் கொண்டு வந்து, வளவில் மூன்று கல் வைத்துக் கொள்ளி எரித்து, மரவள்ளி அவித்து, மீன் சுட்டுச் சாப்பிடுவோம். கேஸ் அடுப்பில் சமைத்த எந்தக் கறிக்கும் அந்த ருசி இருந்ததில்லை என்று கட்டுரையில் எழுதியிருந்தேன்.

ஜூலை 10ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். அதற்கு முதல் நாள்தான் கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. பெரியவர்கள் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் தம்பியும் பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி, பூவரசம் பூவை ஒட்டி, பெருநாள் வாழ்த்து மடல்கள் செய்து மாமி வீடுகளுக்குக் கொடுத்தோம். உம்மா தன்னுடைய பச்சைச் சாரியை வெட்டி எனக்குக் கவுன் தைத்துத் தந்தார். கையில் சாரியின் சரிகைக் கரை வரும்படி தைத்திருந்தார். "கடையில் வாங்கியதா?" என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஒரே ஒரு கவலை என் தடுக்கு. பெருநாள் கழிந்து ஒரு கிழமை இருக்கும். சுவரில் சாத்தி வைத்திருந்த தடுக்கைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். தம்பி அதற்கு முதல் நாள் அதைக் கடற்கரைக்குக் கொண்டு போகக் கேட்டிருந்தான். நான் மறுத்திருந்தேன். ஆகவே அவன்தான் களவாகக் கொண்டு போய் அலையில் விட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். "நான் எடுக்கல்ல ராத்தா" என்று அழுதான். நம்பவில்லை. மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் செய்திருந்த சிரட்டை வண்டியை மிதித்தும் உடைத்தேன். கட்டுரையில் இதை ஒரு வேடிக்கையாக எழுதியிருந்தேன்: "என் அருமைத் தடுக்கை என் தம்பி கடலுக்கு அன்பளிப்புச் செய்தான்." வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

இதுதான் நான் எழுதிய பாதி. கொப்பியில் இருந்தது மற்றப் பாதி.

கொப்பியின் இடப்பக்கத்தில் வரவு, வலப்பக்கத்தில் செலவு. உம்மாவின் எழுத்து நெருக்கமானது. ஜூன் மாதம் வரை இடப்பக்கத்தில் வேன் பிள்ளைகளின் மாதக் காசு என்று ஒரு தொகை வரும். ஜூலைப் பக்கத்தில் அந்த வரி எழுதப்பட்டு, அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் போடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே "மோதிரம்" என்று ஒரு சொல். நேரே தொகை. வலப்பக்கத்தில் "மாமா கைமாற்று", "உம்மா மருந்து" என்று இரண்டு வரிகள்.

வேன் வாங்குவதற்கு மாமாவிடம் கைமாற்றாகக் காசு வாங்கியிருந்ததும், அதை மாதா மாதம் திருப்பிக் கொடுத்து வந்ததும் எனக்கு அன்றுதான் தெரியும். "மாமா கேட்கவே இல்ல. ஆனா அவருக்கும் நாலு புள்ளையள். அவரும் அதே லைன்லதான் நிண்டார்" என்றார் உம்மா. மூத்தம்மாவுக்கு பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதம் தவறாமல் குளிசை வேண்டும். அடகு வைத்தால் வட்டி வரும் என்று வாப்பா விரும்பவில்லை. ஆகவே உம்மா கல்யாண மோதிரத்தை விற்றார். எனக்கு ஒன்று நினைவு வந்தது. அந்த நாட்களில் ஒருநாள், "உம்மா, மோதிரம் எங்க?" என்று கேட்டிருக்கிறேன். "மண்ணுல வேல செய்யக்க இறுக்குது மகள், கழட்டி வச்சிரிக்கேன்" என்றார். நான் அதை நம்பியது மட்டுமல்ல, நான்கு வருடங்களாக அந்த விரலைத் திரும்பப் பார்க்கவும் இல்லை.

அடுத்த பக்கங்களைப் புரட்டினேன். "கடல் – மீன், 200." "கடல் – மீன் மட்டும்." "கடல் – இல்லை." வாப்பா கயிறு இழுத்தது விளையாட்டுக்கு அல்ல. மீன் கூடுதலாகப் பட்ட நாளில் பங்கோடு கொஞ்சம் காசும் கிடைத்திருக்கிறது. வலை வெறுமையாக வந்த நாளில் ஒன்றுமில்லை. நாங்கள் மணலில் வீடு கட்டி விளையாடிய நேரமெல்லாம் அவர் கூலிக்கு நின்றிருக்கிறார். "கயிறு பிடிச்சுப் பழக்கமில்லாத கை. ராவைக்குத் தோல் உரிஞ்சு கிடக்கும். நீங்க படுத்த பொறகுதான் எண்ணெய் போடுவேன்" என்றார் உம்மா.

ஒலுவிலுக்குப் போனது வெளிச்சவீடு பார்க்க அல்ல. வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் வேலை கேட்கப் போயிருக்கிறார். நாங்கள் வெளிச்சவீட்டடியில் முட்டையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது அவர் "இந்தா வாறேன்" என்று போய் அரை மணித்தியாலம் கழித்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. வரும்போது கை நிறையச் சிப்பிகள் கொண்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை.

பெருநாள் பக்கத்தில், "குர்பான் – இம்முறை இல்லை" என்று ஒரு வரி. மற்ற வருடங்களில் ஏழு பேர் சேர்ந்து கொடுக்கும் மாட்டில் வாப்பாவும் ஒரு பங்குக்காரர். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு இறைச்சி வந்தது, எங்கள் வீட்டிலிருந்து போகவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை. சட்டி நிறைய இறைச்சி இருந்தது, அதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு பாய்களின் கணக்கு. "பாய் 1 – 1500." "பாய் 1 – 1400." "பெட்டி 2 – 500." மூத்தம்மா நிலவில் இழைத்ததெல்லாம் நிலவின் அழகுக்காக அல்ல. பகலில் பன் ஒடியும், பாய் ஒன்றை முடிக்க நாட்கள் போகும், மருந்துக்கு நாள் நெருங்கும். உம்மா பழகியதும் அதற்குத்தான். இரண்டு கைகள் சேர்ந்தால் கிழமைக்கு ஒரு பாய் கூடுதலாக முடியும்.

அந்தக் கணக்குக்குக் கீழே, ஜூலை 18ஆம் திகதிக்கு நேரே இப்படி இருந்தது: "மகளின் தடுக்கு – 300."

நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். உம்மாவும் அதற்காகத்தான் காத்திருந்தார் போலும்.

பாய் வாங்க வந்த பெண் சுவரில் இருந்த தடுக்கைப் பார்த்து, இதுவும் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அன்று தேங்காய்க்கும் சீனிக்கும் காசு இல்லை. "நீ வந்தாச் சொல்லுவம், இன்னொண்டு இழைச்சுத் தருவம் எண்டுதான் குடுத்தேன். நீ வந்த உடனே தம்பியப் புடிச்சிட்டாய். அந்த நேரம் வாயத் திறந்தா, ஏன் வித்த எண்டு கேட்பாய். பொறகு மோதிரம் வரும், கடல் வரும், எல்லாம் வரும். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்திட்டேன். அவன் அழுதது இன்னும் என்ட காதுல கிடக்கு" என்றார். உம்மா அழவில்லை. ஆனால் அவருடைய குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். முந்நூறு ரூபாவுக்காக அல்ல. நான் இவ்வளவு நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே வந்த கோபம் அது. வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். மூன்று பேர் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நானும் தம்பியும் அந்தப் பாரத்தின் மேல் ஏறி இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

"அப்ப அந்த லீவு சந்தோசமே இல்லையா உம்மா? எல்லாம் எங்களுக்காக நடிச்சதா?" என்று கேட்டேன்.

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "நடிப்பு எண்டு சொல்லாத. முதல் ரெண்டு மூணு நாள் அப்பிடித்தான். உங்கட முகத்தப் பார்த்துச் சிரிச்சோம். பொறகு வாப்பா வேனுக்குள்ள இருந்து 18 வளைவு ஏத்தினாரே, அண்டைக்கு எனக்கு உண்மையாவே சிரிப்பு வந்திட்டு. கல்யாணம் முடிச்சு அவ்வளவு நாளா அவர் பகல்ல வீட்டுல இருந்ததே இல்ல. மூத்தம்மா கையால எனக்கு ஒண்டைப் பழக்கினதும் அந்த ஒரு மாசத்திலதான். பயமும் இருந்திச்சு, சந்தோசமும் இருந்திச்சு. ரெண்டும் ஒண்டாத்தான் இருந்திச்சு மகள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு நாளும் பட்டினி கிடக்கல்ல."

அன்றிரவு தம்பியிடம் போனேன். இப்போது அவன் தரம் 7. அன்று நான் இருந்த வகுப்பு. கணக்குச் செய்துகொண்டிருந்தான். தடுக்கின் கதையைச் சொல்லி, "நான் உன்ன வீணா ஏசிட்டேன். வண்டியையும் உடைச்சேன். மன்னிச்சிக்க" என்றேன். அவன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எந்தத் தடுக்கு ராத்தா?"

அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. அந்த விடுமுறையில் அவனுக்கு நினைவிருந்தது ஆடு கீரையைத் தின்றதும், தான் தனியாகக் கரைவலை இழுத்ததும்தான். மன்னிப்புக் கேட்க வந்தவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "தேத்தண்ணி ஊத்தித் தந்தா மன்னிக்கேன்" என்றான். ஊற்றிக் கொடுத்தேன்.

தோழிகளே, 2022ஆம் ஆண்டு உங்கள் வீடுகளிலும் ஏதோ ஒரு கொப்பி எழுதப்பட்டிருக்கும். எழுத நேரமில்லாத உம்மாமார் மனதில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக் கவலைப்படச் சொல்லவில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். இதை வாசிக்கும் உம்மா வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது மறைத்தது சரிதான். அந்த மறைப்புத்தான் எங்களுக்கு ஒரு நல்ல காலத்தைத் தந்தது. ஆனால் நாங்கள் வளர்ந்த பிறகு கொப்பியைக் காட்டுங்கள். எங்களால் தாங்க முடியும்.

ஆசிரியைக்கு நான் அந்தக் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கவில்லை. அதில் எழுதியதெல்லாம் நடந்ததுதான். மீன் ருசியாகத்தான் இருந்தது, நிலவு வெளிச்சமாகத்தான் இருந்தது. தம்பியைப் பற்றிய அந்த ஒரு வசனத்தை மட்டும் பேனையால் வெட்டினேன்.

மூத்தம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஆனால் பாயின் ஓரத்தை விரலால் தடவியே எந்த இடத்தில் பிழை என்று சொல்லிவிடுவார். சென்ற விடுமுறையில் அவருக்கு முன்னால் குந்தி மீண்டும் ஒரு தடுக்கு இழைத்தேன். நடுவில் அதே ஊதா நிறக் கட்டங்கள் நான்கு. இம்முறை ஓரத்தையும் நானே மடித்தேன். மூத்தம்மா தடவிப் பார்த்து, "இப்பயும் கொஞ்சம் கோணல்தான்" என்றார். அதைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் அதன் மேல் இருந்து மாம்பழம் சாப்பிட்டு, முதல் நாளே கறையாக்கிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.